பிறைவாற் கலவாய்

கலவாய் என்ற பெயர் யாழ்ப்பாணத்து மீன்சந்தைகளில் ஒரு மீனைக் குறிப்பதன்று. ஒரு குலத்தைக் குறிப்பது. தடித்த உடலும், அகன்ற வாயும், மேற்றாடையினும் முன்னோக்கி நீண்ட கீழ்த்தாடையும் உடையனவாய்க் கல்லிடுக்குகளிற் பதுங்கி இரைதேடும் மீன்கள் பல இவ்வொரு பெயரால் வழங்கப்பெறுகின்றன. தமிழகக் கரையில் இவற்றைக் களவாய் என்றும் களவா என்றும் அழைப்பர். நிறமோ புள்ளியோ வேறுபடுமிடத்து ஓர் அடைமொழியைச் சேர்த்து வேற்றுமை காட்டுதல் இரு கரைகளிலும் உள்ள வழக்கம். உலகக் கடல்களில் இக்குலத்தைச் சேர்ந்தனவாக ஏறத்தாழ 160 இனங்களை விலங்கியலார் கண்டுள்ளனர். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை எபினெபெலசு என்னும் ஒரே பெருஞ்சாதியுள் அடங்கும். எஞ்சியவை ஓரினம், ஈரினம், பத்தினம் எனச் சிறுசிறு சாதிகளாகப் பிரிந்து நிற்கின்றன. அவற்றுள் ஈரினமே உடைய வாரியோலா என்னும் சாதியைப் பற்றியது இக்கட்டுரை. அதன் வாலின் வடிவு நோக்கிப் பிறைவாற் கலவாய் என்று ஈண்டு வழங்கப்படும்.

ஏனைய கலவாய்களின் வால் பெரும்பாலும் விசிறி போல வட்டமானது. அன்றேல் நேராக வெட்டியது போன்றது. பிறைவாற் கலவாயின் வாலோ இரு நுனிகளும் நீண்டு, நடுவே உள்வாங்கி, மூன்றாம் பிறையை ஒத்திருக்கும். முதுகுச்செட்டையில் ஒன்பது முட்கள் உள. எபினெபெலசுச் சாதியினுட் பெரும்பாலானவற்றில் முட்கள் பதினொன்றாதலின், வாலைக் காணாவிடினும் முள்ளை எண்ணி வேறுபாடு அறியலாம். தாடையின் முன்புறத்து நாய்ப்பற்களேயன்றிக் கீழ்த்தாடையின் பக்க நடுவிலும் பெரிய நாய்ப்பற்கள் நிற்பது இச்சாதிக்குரிய சிறப்பு. செம்மையும் கபிலமும் கலந்த உடலெங்கும் நீலமும் ஊதாவும் இளஞ்சிவப்புமான நுண்புள்ளிகள் சிதறிக் கிடக்கும். வால் முதலிய செட்டைகளின் ஓரம் மஞ்சளாக இருப்பின் அது வாரியோலா லூத்தி. வாலின் விளிம்பிலே மெல்லிய வெண்கோடு ஓடின் அது வாரியோலா அல்பிமார்ஜினாற்றா. முன்னையது 80 சதமமீற்றர் நீளம் வரை வளரும். பின்னையது அதனிற் சிறியது. ஆபிரிக்கக் கரை தொடங்கி இந்துமாகடல், பசிபிக் தீவுகள் வரை இவ்விரண்டும் பரந்து வாழ்கின்றன.

வாரியோலா என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டால் வியப்பாயிருக்கும். பெரியம்மை நோய்க்கு இலத்தீன் மொழியில் வழங்கிய பெயர் அது. புள்ளியுடையது, பன்னிறமானது என்னும் பொருள்படும் அடிச்சொல்லிலிருந்து பிறந்தது. 1839 ஆம் ஆண்டில் இச்சாதியை வகுத்த ஆங்கிலேய இயற்கையியலாளர் வில்லியம் சுவைன்சன், உடல் நிறைந்த புள்ளிகளை அம்மைக் கொப்புளங்களாகக் கண்டனர் போலும். அம்மன் கோயிலில் வேப்பிலையும் கூழும் படைத்து அம்மையின் சீற்றம் தணிய வேண்டிய ஒரு நாட்டில் இத்தகைய பெயரை ஒரு மீனுக்கு எவரும் விளையாட்டாகவும் இட்டிரார். அந்நோய் உலகை விட்டு நீங்கியதென 1980 ஆம் ஆண்டில் உலகச் சுகாதாரத் தாபனம் அறிவித்தது. நோய் ஒழிந்தும் அதன் பெயர் ஓர் அழகிய மீனின்மேல் ஏறி நின்றுகொண்டது.

லூத்தி என்னும் இனப்பெயரின் வரலாறு இதனினும் நோக்கற்பாலது. அஃது இலத்தீனுமன்று, கிரேக்கமுமன்று. செங்கடற் கரையில் அரபு மீனவர் அம்மீனை அழைத்த பெயர். அதனை நூலில் ஏற்றியவர் பீற்றர் போர்ஸ்கால் என்பவர். பேரறிஞர் லின்னேயசின் மாணாக்கராகிய இவர், தென்மார்க்கு மன்னரின் ஆதரவில் 1761 ஆம் ஆண்டில் அரபு நாடுகளை ஆராயப் புறப்பட்ட குழுவிற் சேர்ந்து சென்றார். அரபு மொழியை நன்கு கற்றிருந்தமையால், கரைக்கு வந்த மீனைப் பார்த்ததோடமையாது, அதனைப் பிடித்தவனிடம் அதன் பெயரையும் வினவி எழுதிக்கொண்டார். 1763 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் யெமன் நாட்டு யரீம் என்னும் ஊரில் மலேரியாக் காய்ச்சலால் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தொன்று. குழுவிற் சென்றோருள் உயிருடன் மீண்டவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவரே. தோழர் விட்டுச்சென்ற கையெழுத்துக் குறிப்புக்களைப் பேணிக் கொணர்ந்து 1775 ஆம் ஆண்டில் அவர் அச்சேற்றினார். அந்நூலிலே கலவாய்க் குலத்தைச் சேர்ந்த லூத்தி, ரோகா, தௌவீனா முதலிய அரபுப் பெயர்கள் விஞ்ஞானப் பெயர்களாக நிலைபெற்றன. எந்நாட்டு ஆராய்ச்சியாளரும் இன்று அம்மீனைக் குறிக்குமிடத்துப் பெயரறியாத ஒரு செங்கடல் மீனவன் சொன்ன சொல்லையே சொல்லவேண்டியவராகின்றார்.

இஃதொப்பது தமிழ்க் கரையிலும் நிகழ்ந்ததுண்டு. தரங்கம்பாடியில் தென்மார்க்கு மிசனைச் சேர்ந்த கிறித்தோபு சாமுவேல் யோன் என்னும் பாதிரியார், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சோழமண்டலக் கடலின் மீன்களைப் பதப்படுத்திப் பேர்லின் நகரத்து வைத்தியரும் மீனியல் வல்லுநருமான மாக்கசு எலியேசர் புளொக்குக்கு அனுப்பிவந்தார். புளொக்கு, கத்தலைமீன் சாதியொன்றுக்கு அப்பாதிரியாரின் பெயரையிட்டு யோனியசு என வகுத்தார். 1793 ஆம் ஆண்டில் அவர் விவரித்த யோனியசு கறுத்தா என்னும் மீனின் பெயரில் உள்ள கறுத்தா என்பது தமிழ்ச்சொல்லே. எபினெபெலசு என்ற சாதியை நிறுவியவரும் இவரே. புளொக்கு இறந்தபின் அவர் நூலை நிறைவுசெய்து 1801 ஆம் ஆண்டில் வெளியிட்ட சினைடர், தரங்கம்பாடிக் கடலிற் கிடைத்த ஒரு கலவாய்க்கு மலபாரிக்கசு என்ற இனப்பெயரைத் தந்தார். தரங்கம்பாடி எங்கே, மலபார் எங்கே என்று ஐயுறுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் மலபார் என்னும் பெயராலேயே குறித்து வந்தனர். இலங்கையில் ஒல்லாந்தர் எழுதிய ஏடுகளிலும் யாழ்ப்பாணத்தார் அப்பெயரையே பெற்றனர். கடனீரேரிகளிலும் கண்டற் காடுகளின் ஓரத்திலும் வளர்ந்து பெருக்கும் எபினெபெலசு மலபாரிக்கசு, தமிழரின் பெயரைப் பிறர் பிழைபட வழங்கியவாறே இன்றும் சுமந்து திரிகின்றது எனலாம்.

இலங்கையில் மீன்களைப் படத்துடன் விளக்கிய முதல் நூல்களுள் ஒன்று யோன் விற்சேர்ச்சு பெனற்று என்பவர் 1828 முதல் 1830 வரை இலண்டனில் வெளியிட்டது. வண்ணந் தீட்டிய 30 படங்கள் கொண்ட அந்நூல் தென்கரையோரத்து மீன்களைப் பற்றியது. ஆதலின் அதிற் காண்பவை சிங்களப் பெயர்கள். பிரான்சிசு டே என்னும் வைத்தியர் 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட இந்திய மீன்கள் என்னும் பெருநூல், பர்மாவையும் இலங்கையையும் உள்ளடக்கியது. 1955 ஆம் ஆண்டில் கன்பராவில் அச்சான அயன் மன்றோவின் நூல் இலங்கை மீன்களை இனங்காண்போர்க்கு நெடுங்காலம் கைந்நூலாயிருந்தது. இவ்வாசிரியர் யாவரும் அரிதின் உழைத்தவரே. எனினும் வடகடலின் மீன்களை அக்கடலிற் றொழில் செய்வாரோடு இருந்து, அவர் மொழியிற் கேட்டு, போர்ஸ்கால் செய்தாற்போல எழுதிய ஒருவரை இவ்வரிசையிற் காண்பதற்கில்லை.

இனி, பிறைவாற் கலவாயை யாழ்ப்பாணத்தில் எங்கே தேடுவது? குடாநாடு சுண்ணக்கற் பாறையாலானது. வழுக்கையாறு மாரியில் ஓடுவதன்றி ஆறென ஒன்றில்லாதது. வயலுக்கு அது குறையாயினும் கடலுக்கு நன்மையாய் முடிந்தது. ஆற்று வண்டல் வந்து கலங்கச் செய்யாமையால் வடகரையில் முருகைப்பார்கள் கரையை ஒட்டி வளர்ந்துள்ளன. தீவகத்தைச் சூழவும் அவை உண்டு. அம்முருகைக் கல்லின் பயனைக் குடாநாட்டார் நன்கறிவர். ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் மதில்கள் முருகைக் கல்லாலானவை. நெடுந்தீவில் வளவு வேலிகளே முருகைக் கற்களை அடுக்கி எழுப்பியவை. சுண்ணாம்புச் சூளைகளுக்கும் அக்கல் சென்றது. உயிருள்ள முருகைப்பார் மீனுக்கு வீடு. அது மனிதனுக்கு வேலியாயிற்று.

ஆனால் முருகைப்பார் உள்ள இடமெல்லாம் பிறைவாற் கலவாயின் இடமாகாது. யாழ்ப்பாணக் கடனீரேரியும் பாக்கு விரிகுடாவும் ஆழமற்றவை. விரிகுடாவின் பெரும்பகுதி ஏழெட்டுப் பாகத்தைத் தாண்டாது. வாடைக்காற்றுக் காலத்தில் அந்நீர் சேறாகக் கலங்கும். மலபாரிக்கசு போன்ற எபினெபெலசு மீன்கள் அக்கலக்கலைப் பொறுத்து வாழவல்லன. பிறைவாற் கலவாயோ தெளிந்த நீரையும் ஆழ்ந்த பாரின் சரிவுகளையும் நாடுவது. கரையோரப் பாரிலும் பார்க்கக் கடலினுட்டள்ளி நிற்கும் பார்களிலும் தீவுகளைச் சூழ்ந்த சரிவுகளிலும் மிகுதியாக வாழ்வது. நூறு மீற்றர் ஆழத்துக்கு அப்பாலும் பிடிபட்டுள்ளது. ஆகவே அதனைக் கடனீரேரியின் வலையில் எதிர்பார்ப்பது வீண். பருத்தித்துறைக்கு வடகிழக்கே ஆழக்கடல் தொடங்குமுன் விரிந்துகிடக்கும் பேதுரு கடற்றளமேடை, அதன் விளிம்பிலுள்ள கற்பார்கள் ஆகியன தேடற்குரிய இடங்கள். 1920 ஆம் ஆண்டின் பின் இலங்கை அரசாங்கம் இழுவைக்கப்பலொன்றைக் கொண்டு இம்மேடையையும் கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜு மேடையையும் ஆராய்ந்தது. வாட்ஜு மேடை 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இந்தியாவின் ஆட்சிக்குட்பட்டது. பேதுரு மேடையே வடபகுதித் தொழிலாளரின் ஆழ்கடற் களமாக எஞ்சியது.

இரைதேடும் முறையிலும் இம்மீன் தன் குலத்தாரினின்றும் சிறிது விலகியது. மற்றைக் கலவாய்கள் பெரும்பாலும் பொந்தின் வாயிலிற் காத்துக் கிடப்பன. பிறைவால் விரைந்து நீந்துதற்குரிய உறுப்பு. அதற்கேற்ப இது பாரின்மேல் உலாவித் திரிந்து மீன்களையும், ஓரளவு நண்டு இறால்களையும் பற்றும். உணவுத் தொடரில் இவ்வளவு உயர்ந்த படியில் நிற்றலே ஓர் இடர்ப்பாட்டுக்கும் காரணமாகின்றது. முருகைப்பார்களிற் படரும் பாசிகளை ஒட்டி நுண்ணுயிரொன்று வாழும். பசிபிக்கிலுள்ள காம்பியர் தீவுகளில் 1970 ஆம் ஆண்டுகளில் யப்பானிய ஆராய்ச்சியாளரால் அது கண்டறியப்பட்டு, அத்தீவின் பெயரால் காம்பியர்டிஸ்கசு எனப் பெயரிடப்பட்டது. அதனுள் ஊறும் நஞ்சு பாசியுண்ணும் மீனுக்கும், அதனை விழுங்கும் மீனுக்கும் சென்று, படிப்படியாகச் செறிந்து, ஈற்றிற் பெரிய கலவாயிலும் சீலாவிலும் சேர்கின்றது. மீனுக்கு அதனால் தீங்கில்லை. உண்ட மனிதனுக்கு வாந்தி, வயிற்றோட்டம், உடற்கூச்சம் உண்டாவதோடு, தண்ணீரைத் தொட்டாற் சுடுவது போன்ற விபரீத உணர்ச்சியும் தோன்றும். சமைப்பதாலும் உலர்த்துவதாலும் உறையவைப்பதாலும் அந்நஞ்சு நீங்காது. சிகுவதேரா எனப்படும் இந்நோய்க்கு அஞ்சியே மொரீசியசுத் தீவில் விற்கலாகாத மீன்களின் பட்டியலில் வாரியோலா லூத்தி சேர்க்கப்பட்டது. வெண்விளிம்புடைய இரண்டாம் இனத்தை 1953 ஆம் ஆண்டில் முதன்முதல் விவரித்தவரும் மொரீசியசைச் சேர்ந்த பைசாக்கு என்பவரே. நஞ்சுண்டெனத் தள்ளிய மீனை நுணுகி நோக்க வேண்டிய தேவை அத்தீவுக்கு இருந்தது. ஒரு கடலில் நஞ்சேறும் இனம் இன்னொரு கடலில் நல்லுணவாகவும் இருக்கும். தலையையும் குடலையும் பெருமீனையும் பற்றி எச்சரிக்கை வேண்டுமென்பது பொதுவிதி. தலையே சுவையெனக் கொண்டு அதனை ஒடியற் கூழில் இடும் நாட்டினர்க்கு அவ்விதி உவப்பாயிராது.

கலவாய்க் குலத்தைப் பற்றி அறியப்பட்டவற்றுள் மிகப் பெரியது அதன் பாலைப் பற்றியது. இக்குலத்தின் பெரும்பாலான இனங்களில் மீன் பெண்ணாகவே முதிர்ச்சியடைகின்றது. சிலகாலம் முட்டையிட்டு வாழ்ந்து, உடல் பெருத்தபின், சூலகம் தேய்ந்து விதையாக மாற, அதே மீன் ஆணாகிவிடுகின்றது. எனவே ஒரு பாரிலுள்ள சிறுமீன்களெல்லாம் பெண், பெருமீன்கள் ஆண். இவ்வொழுங்கு கடலின் தேவைக்கு அமைந்தது. தூண்டிலின் தேவைக்கு அமைந்ததன்று. தொழிலாளன் விரும்புவதும் சந்தை விலைகொடுப்பதும் பெருமீனுக்கே. பெருமீனைப் பொறுக்கிப் பிடித்தால் ஆணினமே பொறுக்கியெடுக்கப்படுகின்றது. எண்ணிக்கையில் மீன் குறையாததுபோலத் தோன்றியும் கருவுறும் முட்டை குறைந்துபோதல் கூடும். அதற்கஞ்சிச் சிறுமீனைப் பிடித்தாலோ, முட்டையிடாத பெண்கள் அழிகின்றன. சீலா, சூடை, பாரை முதலியவற்றுக்குச் சொல்லும் விதி இக்குலத்துக்கு முற்றும் பொருந்தாமை இதனால் அறியப்படும்.

மேலும், கலவாய்களுட் பல ஆண்டில் சிலநாள் மாத்திரம், குறித்த பாரில், நிலவின் கணக்கோடு பொருந்தக் கூடி முட்டையிடுவன. அவ்விடத்தை அறிந்தவன் ஒரே நாளில் ஒரு கடற்பரப்பின் கலவாய் முழுவதையும் அள்ளலாம். பகாமாத் தீவுகளை அடுத்து நாசோக் கலவாய்கள் 30,000க்குக் குறையாமல் ஒன்றுகூடியதை ஓர் ஆராய்ச்சியாளர் 1972 ஆம் ஆண்டில் எழுதினார். கரிபியக் கடலெங்கும் அத்தகைய கூட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தொழிக்கப்பட்டு, அவ்வினம் இன்று அழிவின் விளிம்பிலுள்ளதாகக் கணிக்கப்படுகின்றது. பிறைவாற் கலவாய்க்கு அந்நிலை வந்ததில்லை. பரந்த கடல்களில் வாழ்வதால் உலகளவில் அதற்கு உடனடி ஆபத்தில்லையென்பதே இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணிப்பு. ஆயினும் உலகக் கணக்கில் அழியாத மீன் ஒரு பாரின் கணக்கில் அழிந்துபோதல் எளிது. அதனை எவரும் அறியாமலே போதல் அதனினும் எளிது, அனைத்தும் கலவாய் என்ற ஒரே சொல்லின்கீழ் நிறுக்கப்படுமிடத்து.

வடகடலின் பார்களைப் பற்றிய அறிவு ஏட்டில் இருந்ததன்று. கோயிற் கோபுரம், தனிப்பனை, வெளிச்சவீடு என்று கரையிலுள்ள இரண்டு மூன்று அடையாளங்களை நேர்ப்படுத்திக் கடலடியிற் கண்ணுக்குத் தெரியாத பாரைக் காண்பது தந்தை மகனுக்குச் சொல்லும் வித்தை. எந்தப் பாரில் எக்காற்றில் எம்மீன் நிற்கும் என்பதும் அதனோடு சேர்ந்தது. வடபகுதியின் தலைசிறந்த மீன்பிடித் துறைகளுள் ஒன்றாயிருந்த மயிலிட்டியின் மக்கள் 1990 ஆம் ஆண்டில் இடம்பெயர்ந்தனர். அத்துறை 2017 ஆம் ஆண்டிலேயே விடுவிக்கப்பட்டது. இடைப்பட்ட 27 ஆண்டுகள் ஒரு தலைமுறையின் காலம். வேற்றூரில் வளர்ந்த மகனுக்குத் தந்தையின் பார் வெறுஞ் சொல்லாயிற்று. அவ்வாண்டுகளிற் கடலுக்குச் செல்லத் தடையிருந்தமையால் மீன் ஓய்வுபெற்றது என்பாருளர். பார்களில் எவையெவை எத்தனை இருந்தன என்ற முற்கணக்கு இல்லாதவிடத்து அவ்வோய்வின் பயனை அளப்பது எங்ஙனம்?

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தபின் கடல் மீண்டும் திறந்தது. பாக்குநீரிணையில் இழுவைமடிகள் கடலடியை உழுதலும் பெருகிற்று. இழுவைமடி கற்பாரில் நேரே செல்லாது, கிழியுமென்ற அச்சத்தால். ஆனால் பாரைச் சூழ்ந்த தரையை அது புரட்டி எழுப்பும் சேறு முருகையின்மேற் படிகின்றது. கடலடி இழுவைமடியை இலங்கை 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தாற் றடைசெய்தது. வெடிவைத்து மீன்பிடித்தல் அதற்கு முன்னரே சட்டவிரோதமானது. சட்டம் கரையில் நிற்கின்றது. வெடியோசை கேட்டபின் அப்பாரிற் கலவாய் நிற்பதில்லை. வெடி மீனைக் கொல்வதோடு அது குடியிருந்த கல்லையும் பொடியாக்குவதால், அவ்விடத்துக்கு மற்றொரு கலவாய் வந்தும் தங்க இயலாது.

பிறைவாற் கலவாயின் பொருட்டு இன்று செய்யக்கூடியது பெரிதன்று. பருத்தித்துறையிலோ மயிலிட்டியிலோ ஆழக்கடல் வள்ளங்கள் காலையிற் கரைசேரும்போது கலவாய்க் குவியலை நோக்குபவர் முதலில் வாலைப் பார்த்தல் வேண்டும். விசிறி வால்களினிடையே பிறைவால் ஒன்று காணப்படின் முதுகு முள்ளை எண்ணலாம், ஒன்பதாயின் ஐயமில்லை. அடுத்து வாலின் விளிம்பு மஞ்சளா வெள்ளையா என்று தெளிந்து, நீளத்தை அளந்து, எத்தனை பாக ஆழத்தில், எப்பாரில், எக்காற்றில் பிடிபட்டது என்பதையும் நாளையும் குறிக்கவேண்டும். வயிற்றைக் கீறும்போது உள்ளிருப்பது சினையா விதையா என்பதையும் பார்த்துக்கொள்ளல் நன்று. மீன் செத்துச் சிலமணியில் நிறம் மங்குமாதலின் இவையெல்லாம் கரையிலேயே முடியவேண்டியன. ஈற்றில், தூண்டில் போட்டவரிடம் அதற்கு அவர் சொல்லும் பெயர் என்னவென்று கேட்டு, அவர் வாயில் வந்த ஒலியிலேயே, திருத்தாமல், எழுதிக்கொள்ள வேண்டும்.